பிரேக்குக்கு வீட்டிலேயே ஏர் எடுக்கலாமா?

கேட்டவர் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர். கார் வாங்கிப் பத்து வருஷம் ஆகிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பின்பக்க இடது சக்கரத்தில் வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளுகிற சின்ன உருளை) கசிந்திருக்கிறது. சித்தப்பா மகனும் இவருமாகச் சேர்ந்து புதுசு மாட்டிவிட்டார்கள். மாட்டியதிலிருந்து பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதாம். "ஏர் எடுக்கணும்னு சொல்றாங்க. மெஷின் இல்லாம வீட்ல முடியுமா? ஆயில் எவ்வளவு வேணும்? எந்தச் சக்கரத்துல ஆரம்பிக்கணும்? ஏபிஎஸ் இருந்தா தொடக் கூடாதா?"

முடியும் தம்பி. ஏர் எடுப்பது என்றால் பிரேக் லைனுக்குள் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்றுவதுதான். மெஷின் வேண்டாம். ஒரு ரிங் ஸ்பேனர், ஒன்றரை முழம் ட்யூப், ஒரு பாட்டில், சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரு ஆள் போதும். இதில் கிடைக்கக் கஷ்டமானது அந்த ஆள்தான். அதைப் பிறகு சொல்கிறேன். வேலை முடிகிறவரை வண்டியை வாசல் தாண்டி எடுக்காதீர்கள். "மெதுவா ஓட்டிக்கிட்டே ஒர்க்‌ஷாப் போயிடலாம்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

முதலில் பெடலைக் காலால் படியுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை மிதித்து, உங்கள் மிதிக்குப் பலம் சேர்க்கிற பூஸ்டரில் இருக்கிற வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். பிறகு ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டு மூன்று தரம் மிதித்ததும் மேலே ஏறி வருகிறது என்றால் காற்றாக இருக்கலாம், பின் டிரம்மில் ஷூ (டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்துகிற கட்டை) தளர்வாக இருப்பதாகவும் இருக்கலாம். ஏறி வந்த பிறகும் காலுக்கு அடியில் ஸ்பிரிங் மாதிரி துள்ளினால் காற்று. ஏறியதும் கல் மாதிரி நின்றுவிட்டால் ஷூ இடைவெளி. மூன்றாவது வகை ஒன்று உண்டு: பெடல் கெட்டியாகத்தான் நிற்கும், ஆனால் அழுத்தியபடியே வைத்திருந்தால் மெள்ள மெள்ளத் தரையை நோக்கி இறங்கும். அது காற்று இல்லை. எங்கேயோ கசிவு, அல்லது பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் போய்விட்டது. அதற்கு எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் ஆயில்தான் செலவாகும். அப்படி இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

நீங்கள் வீல் சிலிண்டரைக் கழற்றி லைனைத் திறந்தவர். அதனால் காற்று உள்ளே போயிருப்பது நிச்சயம். டிரம்மைக் கழற்றி ஷூவையும் எடுத்திருப்பீர்கள், ஆகவே ஷூ இடைவெளியும் கலைந்திருக்கும். அதை முதலில் சரி செய்யுங்கள். டிரம்மை மாட்டிக் கையால் சுற்றினால் லேசாக உரசும் சத்தத்தோடு சுற்ற வேண்டும். இதை விட்டுவிட்டு ஏர் எடுத்தால், காற்று முழுக்கப் போன பிறகும் பெடல் ஆழமாகவே போகும். இன்னும் ஏர் இருக்கிறது என்று நினைத்து ராத்திரி வரை அதையே செய்துகொண்டிருப்பீர்கள்.

காற்று ஏன் ஆகாது என்பதை நம் ஊர்க்காரருக்கு விளக்குவது சுலபம். ஃபில்டர் பாயிண்டில் (குழாய்க் கிணற்றில்) மோட்டார் போட்டிருப்பவருக்கு ஏர் பிடிப்பது என்றால் என்னவென்று தெரியும். மோட்டார் ஓடும், சத்தம் வரும், தண்ணீர் வராது. டிராக்டரில் டீசல் தீர்ந்து நின்றுபோனால் ஃபில்டர் பக்கத்து ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை போய் வெறும் டீசல் வருகிறவரை காத்திருப்போம். பிரேக்கில் செய்வதும் அதே கைவேலைதான். காரணம் மட்டும் வேறு. பிரேக் திரவம் அமுக்கினால் சுருங்காது. பெடலில் கொடுத்த அழுத்தத்தை அப்படியே நாலு சக்கரத்துக்கும் கொண்டுபோகும். பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி என்று படித்தது இதுதான். நடுவில் ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்திருந்தால் உங்கள் மிதி அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். சக்கரத்துக்கு மிச்சம்தான் போகும்.

நான் முப்பது வருஷம் பஸ் டிப்போவில் பிரேக் வேலை பார்த்தவன். "பஸ்சு, லாரியெல்லாம் காத்துலதானே பிரேக் பிடிக்குது, கார்ல மட்டும் காத்து ஆகாதா அண்ணே?" என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்விதான். பஸ்ஸில் கம்ப்ரஸர் இருக்கிறது, டாங்க் இருக்கிறது; சுருக்கிச் சேமித்த காற்றைத்தான் டிரைவர் காலால் திறந்துவிடுகிறார். ஸ்டாப்பில் நிற்கும்போது 'புஸ்' என்று வருவது அந்தக் காற்று வெளியேறுகிற சத்தம். காரில் சேமிப்பு எதுவும் கிடையாது. உங்கள் கால் தள்ளுகிற சில மில்லி திரவம்தான் மொத்த முதல். அதில் காற்று பங்கு கேட்டால் கட்டுப்படியாகாது.

இனி ஆயில். ஆயில் என்று நாம் எல்லோருமே சொல்கிறோம், நானும்தான். ஆனால் அது எண்ணெய் இல்லை. கிளைகால் வகைத் திரவம், தண்ணீரோடு கலக்கும். இந்தப் பெயரால் வருகிற வினையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். "ஆயில் கொறஞ்சிருக்கு" என்று எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டார் ஒருவர். சீல், ஹோஸ் எல்லாம் ஊறிப் பருத்து, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு சக்கரம் வரை ரப்பர் என்று இருந்த எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது. கழுவுவதற்கு என்று பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதையும் பிரேக் பாகங்கள் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

எந்த ஆயில் என்பது ரிசர்வாயர் (பானெட்டுக்குள் பிரேக் ஆயில் நிற்கிற சின்ன டப்பா) மூடியிலேயே எழுதியிருக்கும்: டாட் 3 அல்லது டாட் 4. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வகுத்த தரம் அது. அந்தத் துறையின் பெயர்ச் சுருக்கம்தான் டாட். புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230 டிகிரி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் இந்த அளவு 140, 155 டிகிரி என்று இறங்கிவிடுகிறது. மூடி திறந்த பாட்டில் மட்டுமல்ல, வண்டிக்குள் இருக்கிற ஆயிலும் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள்.

நம்ம பக்கத்தில் யாரும் மாற்றுவதில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. கல்லணையிலிருந்து கடல் வரை ஒரே சமவெளி. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போய் வந்தால் பிரேக் சூடேறவே சூடேறாது. ஆறு வருஷ ஆயிலும் இங்கே ஒழுங்காகத்தான் வேலை செய்யும். குடும்பத்தோடு கொல்லிமலை ஏறுகிற அன்றைக்குத்தான் சங்கதி தெரியும். 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது சமவெளிப் பழக்கத்தில் மூன்றாவது, நாலாவது கியரில் விட்டுவிட்டு பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருவோம். டிஸ்க் சூடாகி, அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்குள் ஆயிலில் இருக்கிற தண்ணீர் ஆவியாகிவிடும். ஆவியும் காற்று மாதிரிதான், நசுங்கும். மேலே கெட்டியாக இருந்த பெடல் பாதி மலையில் தரையைத் தொடும். அடிவாரத்தில் அரை மணி நேரம் ஆறவிட்டால் திரும்ப சரியாகிவிடும். வீட்டுக்கு வந்து மெக்கானிக்கிடம் காட்டினால் "நல்லாத்தானே இருக்கு" என்பார். ஆகவே தம்பி, அந்த ஒரு சக்கரத்துக் காற்றை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். நாலு சக்கரத்திலும் பழைய ஆயில் போய்ப் புதுசு வருகிறவரை எடுங்கள். சின்னக் காருக்கு ஒரு லிட்டர் வாங்கினால் தாராளம். சீல் உடைக்காத பாட்டிலாக இருக்கட்டும். ஷெட்டில் போன வருஷம் திறந்து வைத்த அரை பாட்டில் கணக்கில் வராது, அதுவும் ஐப்பசி கார்த்திகை ஈரத்தைக் குடித்திருந்தால். டாட் 5 என்று தனியாக எழுதியது கிடைத்தால் தொடாதீர்கள். அது சிலிக்கோன், உங்கள் வண்டியில் இருப்பதோடு சேராது. 5.1 வேறு, அது கிளைகால்தான்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பது நம் மண்ணில் சின்ன விஷயம் இல்லை. வண்டல் மண்ணில் ஜாக்கி வைத்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் சாயும். சிமெண்டுக் களம் இருந்தால் நல்லது. நெல் காய்கிற நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண் தரைதான் என்றால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். வண்டியோடு வந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். ஸ்டாண்ட் வாங்கியோ இரவல் கேட்டோ அதன்மேல் உட்கார வையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தைக் கதவுக்குக் கீழே வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பது என் பழக்கம். ஸ்டாண்ட் நழுவினாலும் உயிர் மிஞ்சும். பின் டிரம்முக்கு ஏர் எடுக்கும்போது ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட வேண்டும், அதனால் முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள்.

ஸ்டாண்டில் ஏற்றியதும் ஆயில் பாட்டிலைத் திறக்காதீர்கள். நாலு நிப்பிளும் கழலுமா என்று முதலில் பாருங்கள். நிப்பிள் என்பது காலிப்பரிலும் டிரம் தட்டுக்குப் பின்னாலும் துருத்திக்கொண்டிருக்கிற துளையுள்ள ஸ்குரு. பெரும்பாலும் 8 அல்லது 10 நம்பர் ஸ்பேனர் சேரும். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும், ரிங் ஸ்பேனர்தான். அதன் தலையில் இருக்க வேண்டிய ரப்பர் மூடி இல்லை என்றால் துளை முழுக்கச் சேறு அடைத்திருக்கும். கம்பியால் குத்தித் துடைத்துவிடுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் மாதிரி உப்புக் காற்றுப் படுகிற ஊர் வண்டிகளில் இந்த நிப்பிள் துருவோடு ஒட்டிப்போயிருக்கும். உள்ளே துளை இருப்பதால் அதற்கு உடம்பில் வலு கிடையாது, முறுக்கினால் முறிந்துவிடும். முறிந்தால் அந்த காலிப்பரையோ வீல் சிலிண்டரையோ மாற்றுகிற வேலை. முதல் நாள் சாயங்காலமே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் சுத்தியலால் லேசாகத் தட்டி, ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். அப்படியும் அசையாத ஒன்று இருந்தால் வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். மூன்று சக்கரம் முடித்துவிட்டு நாலாவதில் மாட்டிக்கொண்டு நிற்பது கொடுமை.

ட்யூப் உள்ளே பார்க்கிற மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். மீன் தொட்டிக்குக் காற்று போகிற ட்யூப் நிப்பிளில் கச்சிதமாக உட்காரும். கொத்தனார் மட்டம் பார்க்கிற ட்யூப் கைவசம் இருக்கும், ஆனால் பெருசு, காற்று இழுக்கும். ஸ்பேனரை முதலில் மாட்டி, அதன் வழியாக ட்யூபைச் சொருகுங்கள். மாற்றிச் செய்துவிட்டுத் திரும்பக் கழற்றாத ஆளே கிடையாது. ட்யூப் நிப்பிளிலிருந்து நேரே மேல்நோக்கி ஏறிப் போக வேண்டும். பாட்டிலை நிப்பிளை விட உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பாட்டிலில் இரண்டு விரல் உயரம் புது ஆயில் ஊற்றி, ட்யூபின் முனை அதில் முங்கியிருக்கட்டும்.

இப்போது அந்த ஆள் விஷயம். பல வருஷத்துக்கு முன்னால் சொந்த வண்டிக்கு வீட்டில் ஏர் எடுத்தேன். பெடலில் என் தங்கை மகன்.

"புடிச்சிருக்கியாடா?"

"புடிச்சிருக்கேன் மாமா."

நிப்பிளைத் தளர்த்தினேன். "ஆங், விட்டுட்டேன்டா."

"நானும் விட்டுட்டேன் மாமா."

நிப்பிள் திறந்திருக்கும்போது அவன் காலை எடுத்துவிட்டான். அன்றைக்கு ட்யூப் முனையை ஆயிலில் முக்கவும் இல்லை. வெளியே போன காற்று அத்தனையும் 'கொடகொட' என்று திரும்ப உள்ளே. குற்றம் அவனுடையது இல்லை, 'விடு' என்கிற சொல்லுடையது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிரேக் வேலையில் அந்தச் சொல்லுக்குத் தடை. மூன்றே சொல்: 'மிதி', 'பிடி', 'எடு'. பெடலில் இருப்பவர் ஒவ்வொன்றையும் செய்து முடித்து, அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "எடு" என்று காதில் விழாமல், பாம்பு வந்தாலும் கால் பெடலை விட்டு வரக் கூடாது.

முறை இதுதான். பானெட்டைத் திறந்து, ரிசர்வாயர் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு, உள்ளே இருக்கிற கறுத்த ஆயிலை சிரிஞ்சால் முடிந்தவரை உறிஞ்சி எடுங்கள். அடித்துளை தெரிகிற அளவுக்கு வேண்டாம். புது ஆயிலை மேல்கோடு வரை நிரப்பி, மூடியைச் சும்மா மேலே வையுங்கள். "மிதி" என்றால் அவர் அவசரப்படாமல் இரண்டு மூன்று தரம் மிதித்து, "பிடி" என்றதும் அழுத்திப் பிடிக்கிறார். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை திறக்கிறீர்கள். ஆயிலும் குமிழியும் ட்யூபில் ஏறும், பெடல் தானாகக் கீழே இறங்கும். அவருக்கு இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் பயந்து காலை எடுப்பார். பெடல் இறங்கி நிற்பதற்குள் நிப்பிளை மூடுகிறீர்கள். மூடிய பிறகுதான் "எடு". இந்த வேலையில் உயிர்நாடி இந்த வரிசைதான். வேகமாகக் குத்திக் குத்தி மிதிக்க வேண்டாம். பெரிய குமிழி சின்னச் சின்ன நுரையாகிவிடும், நுரை லேசில் வெளியே வராது.

பழைய வண்டி ஆனதால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைப் போடுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பத்து வருஷமாகப் போகாத ஆழத்தில் துருவும் கசடும் இருக்கும். பெடலைத் தரை வரை இறக்கினால் சீல் அதில் உரசிக் கிழியும். காற்றை எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டர் வாங்க வைக்கிற தப்பு இது.

ஐந்தாறு மிதிக்கு ஒரு முறை எழுந்து போய் ரிசர்வாயரைப் பாருங்கள். கீழ்க்கோட்டைத் தாண்டி ஆயில் இறங்கினால் அங்கிருந்து காற்று இழுக்கும், அதுவரை செய்த அத்தனையும் வீண். சுக்குக் காபி நிறத்தில் வருவது மெள்ள வெளுத்து, புது ஆயிலின் வெளிர் மஞ்சளுக்கு வந்து, ஏழெட்டு மிதிக்கு ஒரு குமிழிகூட வரவில்லை என்றால் அந்தச் சக்கரம் முடிந்தது. சக்கர வரிசை: மாஸ்டர் சிலிண்டருக்கு எது தூரமோ அதிலிருந்து. நம் வண்டிகளில் ஸ்டீயரிங் வலதுபக்கம், ஆக பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. உங்கள் வண்டிக் கையேட்டில் குறுக்கு வரிசை (ஒரு பின் சக்கரம், அடுத்து அதற்கு எதிர்மூலை முன் சக்கரம்) போட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள். முன் சக்கரங்களில் பெரும்பாலும் டயரைக் கழற்றக்கூட வேண்டாம், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினாலே நிப்பிள் கைக்கு எட்டும். நிப்பிள் எப்போதும் காலிப்பரின் மேல்பக்கம் இருக்க வேண்டும். எப்போதாவது இரண்டு காலிப்பரையும் கழற்றி இடம் மாற்றி மாட்டியிருந்தால் அது கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும். விடிய விடிய எடுத்தாலும் தீராது.

ஆள் கிடைக்கவில்லை என்றால் நிப்பிளைத் திறந்து, ட்யூபைக் கீழே தொங்கவிட்டுத் தானாகச் சொட்ட விடலாம். ஒரு சக்கரத்துக்கே வெகுநேரம் பிடிக்கும், ரிசர்வாயரை விட்டு நகரவும் முடியாது. எனக்குப் பொறுமை இல்லை.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) வண்டிகளில் வழக்கமான ஏர் எடுப்புக்கு இதே முறைதான். ரிசர்வாயர் வற்றி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் மட்டும் ஸ்கேனர் மாட்டி உள்ளே இருக்கிற பம்பை ஓடவிட்டுத்தான் எடுக்க முடியும். அது வீட்டு வேலை இல்லை. வீல் சிலிண்டர் மாட்டும்போது ரிசர்வாயர் காலியானதா என்று உங்களுக்குத்தான் தெரியும். காலியாகியிருந்து, வண்டியும் ஏபிஎஸ் என்றால், இந்த முறையை ஒரு தடவை முயன்று பாருங்கள். பெடல் ஏறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

நிப்பிளை இறுக்கும்போது ஸ்பேனரின் வால் நுனியைப் பிடிக்காமல் தலைப்பக்கம் பிடித்து இறுக்குங்கள். கசியாத அளவு போதும். ரப்பர் மூடியை மாட்டுங்கள். ஆயில் சிந்திய இடமெல்லாம் தண்ணீர் விட்டு அலசுங்கள். பெயிண்டில் பட்டுக் கிடந்தால் உரித்துவிடும். கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். பிறகு அவரை ஒரு நிமிஷம் பெடலை நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொல்லி, நாலு நிப்பிளையும் நீங்கள் மாட்டிய சிலிண்டரின் பைப் மூட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருக்கக் கூடாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் பெடல் கொஞ்சம் கீழே இறங்கும். பூஸ்டர் வேலை செய்கிறது, பயப்பட வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பது முதலில் களத்திலேயே, முதல் கியரில், ஒரு கை ஹேண்ட்பிரேக்கில். ஆள் நடமாட்டம் இல்லை என்று வாய்க்கால் கரை ரோட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பெடல் ஏமாற்றினால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். களத்தில் பத்துத் தடவை நின்ற பிறகு ரோட்டுக்குப் போகலாம். மறுநாள் காலையில் ரிசர்வாயர் அளவு இறங்கியிருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள்.

பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள். அது யாரோ ஒருவர் வயலுக்குத்தான் போகும். எஞ்சின் ஆயில் கழிவோடும் கலக்காமல் தனி டப்பாவில் மூடி, கழிவு வாங்குகிற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் திண்ணையில் வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. புது ஆயில் பார்க்கச் சர்பத் மாதிரி இருக்கும், குடித்தால் விஷம். மிச்சத்தை அதன் சொந்த பாட்டிலிலேயே இறுக மூடி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.